சாயமிட்ட, வர்ணம் பூசிய தோலில் மேல்பூச்சுக் கோளாறுகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் கண்டுபிடிப்பது எப்படி

மேல்பூச்சு வெளுத்தாலும் பிசுபிசுத்தாலும் உரிந்தாலும் கை முதலில் போவது பூச்சுப் பாட்டிலுக்குத்தான். இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆகாது. இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பூச்சுக்குக் கீழே விட்டுவைத்ததால் வருபவை: துடைத்தெடுக்காத சாயத்தூள், உள்ளே இறங்காத எண்ணெய், உலராத ஈரம், ஆலையிலேயே போட்டனுப்பிய பழைய படலம். அடுத்த கோட் இவற்றை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். நாளைக்கு எடுப்பது இன்னும் கஷ்டம். ஆகவே எந்த அறிகுறியானாலும் முதல் வேலை பாட்டிலை மூடி வைப்பது.

இங்கே சொல்வது வழவழப்பான மேல்முகம் உள்ள தோலுக்கு. ஸ்வேட், நூபக் போன்ற மயிர்முகத் தோல்களில் படலமாக உட்காரும் எந்தப் பூச்சையும் போடக் கூடாது. மயிர் படிந்து ஓடுபோல விறைத்துப்போகும்.

மேலே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால்

வேறொருவர் செய்த பொருள் கைக்கு வரும்போது இந்தக் கேள்வி எழும். கண்ணில் படாத ஓரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கீழ்க்கண்ட வரிசையிலேயே சோதியுங்கள். வரிசை முக்கியம், அசிட்டோனில் தொடங்கினால் மற்ற சோதனைகளுக்கு இடமே மிஞ்சாது.

முதலில் ஹேர் டிரையரால் 20 விநாடி இளஞ்சூடு காட்டி விரலால் தடவுங்கள். வழுக்கி இழுபட்டால் மெழுகு இருக்கிறது. அடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் தோல் கறுத்துத் தண்ணீரைக் குடித்தால் படலம் இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. மூன்றாவது, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குடையும் பஞ்சுக்குச்சியை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு சட்டென்று கரைந்து ஒட்டும். அக்ரிலிக் கரையாது, ஆனால் இளகிப் பசைபோலச் சுருண்டு வரும். கடைசியாக அசிட்டோன். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அதில் தெளிவாகக் கரைந்துவிடும். அசிட்டோனுக்கும் லேசில் அசையாவிட்டால் அது ஆலையில் போட்ட யூரித்தேன் வகைப் பூச்சாக இருக்கலாம். அதன் மேல் வீட்டில் போடும் எதுவும் நன்றாக ஒட்டாது.

பஞ்சில் வரும் நிறத்தையும் கவனியுங்கள். தோலின் நிறம் அப்படியே இருக்க, பஞ்சிலும் நிறம் ஏறினால் அது சாயம். நிறம் ஏடு ஏடாகக் கழன்று அடியில் வேறு நிறம் தெரிந்தால் அது பெயிண்ட்.

துணியில் நிறம் ஒட்டுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். காரணம் ஒன்றல்ல, நாலைந்து. பிரித்துப் பார்க்கச் சோதனை இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி மிதமாக அழுத்தி, ஒரே இடத்தில் 10 முறை முன்னும் பின்னும் தேயுங்கள். பிறகு இன்னொரு துணியை நனைத்துப் பிழிந்து வேறிடத்தில் அதே மாதிரி தேயுங்கள். ஐஎஸ்ஓ 11640 தரமுறையின்படி ஆய்வுக்கூடத்தில் கருவி செய்வதும் இதே வேலைதான். துணிக்குப் பதில் கம்பளி ஃபெல்ட் துண்டு, கறையை மதிப்பிட 1 முதல் 5 வரை சாம்பல் அளவுகோல், அவ்வளவே வித்தியாசம். அதில் 5 என்றால் கறையே இல்லை.

பூச்சு இன்னும் போடவில்லை, உலர்ந்த துணியிலேயே நிறம் வருகிறது என்றால், அது சாயத்தின் மிச்சம். ஸ்பிரிட் சாயத்தில் ஆல்கஹால் வேகமாகப் பறந்துவிடுகிறது. தோலுக்குள் இறங்க நேரம் கிடைக்காத சாயம் மேல்முகத்திலேயே நுண்தூளாகத் தங்கிவிடுகிறது. சாயமிட்டு 24 மணி நேரம் காயவிட்டு, குதிரைமுடி பிரஷால் விறுவிறுவென்று தேய்த்து, பிறகு பழைய டி-ஷர்ட் துணியால் துணி சுத்தமாக வரும்வரை துடையுங்கள். கறுப்புக்கும் சிவப்புக்கும் நாலைந்து முறை துணி மாற்ற வேண்டிவரும். இந்த ஒரு படியைத் தாவியவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படும். பல மெல்லிய கைகளாகப் போட்ட சாயத்தைவிட, ஒரே கையில் ஊற்றித் தோய்த்த சாயம் கூடுதலாகத் தூள் விடும். சாயத்தை அதன் தின்னரில் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு, மூன்று கைகளாகப் போட்டால் இது வெகுவாகக் குறையும்.

பூச்சு போட்ட பிறகும் உலர்ந்த துணியில் நிறம் வருகிறதா? அப்படியானால் நிறம் பூச்சுக்குள்ளேயே கலந்திருக்கிறது. பூசும்போது ஈரப் பூச்சு மேலே கிடந்த தூளை எழுப்பி, தன்னோடு கலந்துகொண்டு காய்ந்திருக்கும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால் அதுவே சாட்சி. நிறம் ஒட்டும் புகாரில், இங்கு மட்டும் மேலே இன்னொரு கோட் போடுவது சரியான வைத்தியம். ஆனால் முதல் கோட் 24 மணி நேரம் முழுதாக உலர்ந்திருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் புதிதாக இருக்க வேண்டும். பூச்சும் புதிதாக ஊற்றிய கிண்ணத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பாட்டிலுக்குள் ஸ்பாஞ்சை நேராக முக்குபவர்கள் ஒரே நாளில் முழுப் பாட்டிலையும் சாயக் கரைசலாக்கி, பிறகு செய்யும் ஒவ்வொரு வெளிர்நிறப் பொருளிலும் அதை அனுபவிப்பார்கள்.

உலர்ந்த துணி சுத்தம், ஈரத்துணியில் மட்டும் நிறம் என்றால் படலத்தில் ஓட்டை இருக்கிறது. தையல் துளை, வெட்டு விளிம்பு, மடிப்பின் உள்பக்கம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். வெறும் தேன்மெழுகோ கர்னாபா மெழுகோ மட்டும் போட்டிருந்தாலும் இப்படித்தான் வரும். மெழுகு தண்ணீரை ஓரளவு தடுக்கும். சாயத்தைப் பிடித்து வைக்காது. மெழுகை எடுத்துவிட்டு அக்ரிலிக் போட்டு, அதன் மேல் மெழுகு போடுவதுதான் வரிசை. தலைகீழாகப் போட்டால் அடுத்து வருவது உரிதல்.

பெல்ட், தோள்பட்டை வார், கடிகார வார் இவற்றில் மேல்முகம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சதைப்பக்கம் நிறம் விடும். நார் பிரிந்த அந்தப் பக்கத்தில் தொடர்ச்சியான படலம் உட்காராது. உடம்புச் சூடும் வியர்வையின் உப்பும் ஈரமும் சாயத்தை இழுத்து வெளியே கொண்டுவரும். உடலோடு ஒட்டும் பக்கத்துக்குச் சாயமே போடாமல் விடுவது, அல்லது சாயமிடாத மெல்லிய தோலை உள்ளே ஒட்டித் தைப்பது, இந்த இரண்டும்தான் உறுதியான வழி. அந்தப் பக்கத்துக்குப் பூச்சை மேலும் மேலும் ஏற்றுவது காசுக்குக் கேடு.

பூசும்போதே சாயம் இழுபட்டு, கோடு கோடாகக் கலைகிறது

உடனே நிறுத்துங்கள். சரிசெய்கிறேன் என்று அதே இடத்தில் திரும்பத் தேய்த்தால் கறை பெரிதாகும்.

தண்ணீர் சார்ந்த பூச்சு ஸ்பிரிட் சாயத்தைக் கலைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அக்ரிலிக் பூச்சுகளில் துகள்கள் ஒன்றுசேர்ந்து படலமாவதற்காகக் கிளைகால் ஈதர் போன்ற கரைப்பான்கள் சிறிதளவு சேர்க்கப்படுவதுண்டு. ஸ்பிரிட் சாயம் அவற்றில் நன்றாகவே கரையும். லாக்கரோ ஷெல்லாக்கோ ஆனால் கேட்கவே வேண்டாம், சாயத்தின் கரைப்பானும் பூச்சின் கரைப்பானும் நெருங்கிய சொந்தம்.

பூசியதை ஒரு மணி நேரம் அப்படியே காயவிடுங்கள். பிறகு செய்யும் கோட் தெளிப்பாக இருக்கட்டும். ஏர்பிரஷ் இருந்தால் 0.5 மி.மீ. முனை, 25 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தம், 15 செ.மீ. தூரம், தோல் நனைந்ததுபோல மின்னக் கூடாது, பனி படிந்ததுபோல மட்டும் ஆக வேண்டும். அப்படி இரண்டு கைகள் போட்டு உலர்த்தினால் சாயம் பிடிபட்டுவிடும்; அதன் பிறகு ஸ்பாஞ்சிலேயே பூசலாம். ஏர்பிரஷ் இல்லாவிட்டால், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சில் பூச்சைக் கொஞ்சமாகத் தொட்டு, இழுக்காமல் ஒத்தி எடுங்கள். ஒரு இடத்துக்கு ஒரு தடவை, திரும்பிப் போகாதீர்கள். மார்க்கர் பேனாவால் கோடு வரைந்த வேலை, மெல்லிய எழுத்து உள்ள வேலை ஆகியவற்றில் முதல் கோட் எப்போதுமே தெளிப்பாக இருப்பது நல்லது.

கலைந்துபோன சாயத்தை மீட்க முடியுமா? கறுப்பு, கரும்பழுப்பு என்றால் பூச்சு காய்ந்த பிறகு அதே நிறத் தோல் பெயிண்டை மிக மெல்லியதாகத் தெளித்து மறைக்கலாம். இரண்டு நிறம் சந்திக்கும் எல்லை கலைந்திருந்தால், எடுத்துவிட்டு மறுபடி செய்வதைத் தவிர வழியில்லை.

வெள்ளை மூட்டம்

இதற்கு ஐந்து முகங்கள் உண்டு. ஐந்துக்கும் ஐந்து வைத்தியம். கண்டுபிடிக்காமல் கைவைக்காதீர்கள்.

ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் காட்டுங்கள். மூட்டம் சில விநாடியில் மறைந்து, ஆறியதும் மெல்லத் திரும்பி வந்தால் அது மெழுகோ கொழுப்போ மேலே பூத்திருப்பது. அளவுக்கு மீறிய எண்ணெய், மெழுகு, கெட்டிக் கொழுப்பு உள்ள கண்டிஷனர் இவை குளிரில் மேலெழுந்து உறைகின்றன. சூடாக இருக்கும்போதே துணியால் துடைத்தெடுங்கள். இரண்டு, மூன்று முறை செய்தால் அடங்கும். பொருளுக்குக் கேடு இல்லை.

சூட்டுக்கு மறையவில்லை, ஈரத்துணிக்குக் கரைந்து போய், உலர்ந்தபின் மறுபடி வருகிறதா? அது உப்பு. தோலுக்குள் மிஞ்சியிருந்த உப்புகள் ஈரத்தோடு மேலே வந்து, ஈரம் போனதும் தங்கிவிடுகின்றன. மழையில் நனைந்த செருப்பு, ஷூவில் அடிக்கடி பார்க்கலாம். காய்ச்சி வடித்த தண்ணீரில் சில சொட்டு வெள்ளை வினிகர் கலந்து, துணியை அதில் நனைத்துப் பிழிந்து, சிறு பகுதியாக அல்லாமல் பொருளின் முழு முகத்தையும் ஒரே சீராகத் துடையுங்கள். ஒரு மூலையை மட்டும் துடைத்தால் ஓரத்தில் வளையம் விழும்.

புள்ளி புள்ளியாக, பஞ்சுபோல எழும்பி, முகர்ந்தால் மக்கல் வாடை வந்தால் பூஞ்சணம். திறந்த வெளியில் உலர்ந்த பிரஷால் தட்டியெடுத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். ஆல்கஹாலால் துடைப்பது பூஞ்சணத்துக்கு நல்ல மருந்துதான்; ஆனால் அது அக்ரிலிக்கை இளக்கும், அடியிலுள்ள சாயத்தையும் கிளப்பும். அதனால் ஓரத்தில் சோதித்துவிட்டுத் துணியை லேசாக மட்டும் நனைத்து ஓட்டமாகத் துடையுங்கள்.

மேலே சொன்ன எதுவும் இல்லை, மூட்டம் படலத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்றால் அது பூசிய அன்றைக்கே நடந்தது. லாக்கராக இருந்தால் காற்றின் ஈரப்பதம் காரணம். அதன் கரைப்பான் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் லாக்கரைத் தொடாமலிருப்பதே மேல். வந்துவிட்டதா, மெதுவாக உலரும் ரிடார்டர் தின்னரைப் பனிபோல ஒரு தடவை தெளியுங்கள். படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளியும். ஊற்றிவிட்டால் சாயமும் சேர்ந்து ஓடும்.

அக்ரிலிக்கில் மூட்டம் வேறு வழியாக வருகிறது. பாட்டிலில் இருக்கும்போது அது பால்நிறமாகத்தான் இருக்கும். தண்ணீர் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து தெளிவான படலமாகும். தடிமனாகப் பூசினால் மேலே முதலில் ஏடு கட்டிக்கொண்டு அடியில் தண்ணீர் சிக்கிக்கொள்கிறது. இரண்டு, மூன்று நாள் காற்றோட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். ஆகையால் பொறுமையாக இருங்கள். குளிரில் பூசியிருந்தால் கதை வேறு. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே துகள்கள் சரியாக இணையாமல் மாவுபோல உட்கார்ந்துவிடலாம். அது பிறகு தெளியாது; தேய்த்தால் உதிரும்; எடுக்கத்தான் வேண்டும். 18 முதல் 27 டிகிரி வரை பூசுவதற்கு நல்ல வெப்பநிலை. அறை மட்டுமல்ல, தோலும் பூச்சும் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, மேட் பூச்சில் மட்டும் வருவது: கறுப்புத் தோல் சாம்பல் பூத்தாற்போல ஆகிவிடும். மினுமினுப்பைக் குறைக்கச் சேர்க்கும் நுண்தூள் பாட்டிலின் அடியில் தங்கி, கலக்காமல் ஊற்றியதால் கடைசிப் பகுதியில் மிகுந்திருக்கும். கிளறிக் கலக்க வேண்டும், குலுக்கினால் நுரை. ஏற்கனவே சாம்பலானதன் மேல் சாட்டின் எனப்படும் மிதமான மினுமினுப்புள்ள பூச்சு ஒரு மெல்லிய கோட் போட்டால் கறுப்பு திரும்பிவிடும்.

பிசுபிசுப்பு போகவில்லை

அக்ரிலிக் தொடுவதற்கு உலர அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். முழுதாக இறுக ஒரு வாரம் வரை ஆகும். இரண்டாம் நாள் லேசாக ஒட்டுவது நோய் ஆகாது. மூன்று நாள் கழித்தும் விரல்ரேகை பதிந்தால்தான் காரணம் தேட வேண்டும்.

பெரும்பாலும் எண்ணெய்தான். சாயமிட்டபின் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) தேய்ப்பது நல்ல பழக்கம், ஆனால் ஒரே ஒரு மெல்லிய கை. அதற்குப்பின் 24 மணி நேரம். பிறகு உலர்ந்த துணியால் துடைப்பு. தோல் எண்ணெயில் ஊறியிருக்கும்போது பூச்சு போட்டால் எண்ணெய் மேலே வந்து படலத்தை அடியிலிருந்து இளக்கிக்கொண்டே இருக்கும். சோதிக்க, டிஷ்யூ காகிதத்தை அந்த இடத்தில் வைத்து மேலே கனமான புத்தகத்தை ஓர் இரவு வையுங்கள். காகிதத்தில் ஒளி ஊடுருவும் எண்ணெய்த் தடம் விழுந்தால் சந்தேகமே இல்லை. லேசான தடம் என்றால் சில வாரத்தில் எண்ணெய் பரவித் தானே சரியாகலாம். கனமான தடம் என்றால் பூச்சை எடுத்து, தோலை ஒன்றிரண்டு வாரம் விட்டு, மறுபடி. டால்கம் பவுடர் தூவி மறைப்பது வேண்டாம். அது படலத்தில் புதைந்து அழுக்காகிவிடும்.

பூச்சும் பூச்சும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுகிறதா? பர்ஸின் மடிப்பு, கார்டு வைக்கும் அறை, ஷூவின் நாக்கு ஆகியவற்றில் முழுதாக இறுகாத இரண்டு அக்ரிலிக் படலங்கள் அழுத்தத்தில் ஒன்றாகிவிடும். பிரித்தால் ஒன்றோடு மற்றது கிழிந்து வரும். முதல் ஒரு வாரம் மடிக்காமல் வையுங்கள், அல்லது இடையில் கேக் சுடும்போது அடியில் விரிக்கும் சிலிக்கோன் காகிதம் வையுங்கள். இறுகியபின் கர்னாபா மெழுகு கிரீமை மெல்லத் தேய்த்தால் பிறகு ஒட்டாது.

நன்றாக இருந்த பொருள் பல மாதம் கழித்துப் பிசுபிசுத்தால், அதை எதற்குள் வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். மிருதுவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளில் அதை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் அக்ரிலிக்கையும் லாக்கரையும் இளக்கும். பருத்தித் துணிப்பையில் வைப்பது உத்தமம்.

வளைத்தால் விரிசல்

நெகிழும் அடுக்கின் மேல் கடினமான அடுக்கு இருந்தால், வளையும்போது மேலே இருப்பது உடையும். மிருதுவான தோல் அக்ரிலிக் பெயிண்டின் மேல் லாக்கர் அடித்தால் நடப்பது இதுதான். லாக்கரின் இடம் சேணம், பெட்டி, விறைப்பான உறை போன்று வளையாத பொருள்கள். ஷூ, பை, பர்ஸ் ஆகியவற்றுக்கு அக்ரிலிக்.

அக்ரிலிக்கும் தடித்தால் உடையும். ஃபீபிங்ஸ் ரெசோலீன் போன்ற கெட்டியான பூச்சை நேரடியாக ஊற்றிப் பூசாமல், சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு அல்லது மூன்று மெல்லிய கோட்டாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது அரை மணி நேரம் விட்டுப் பூசுவது கைகண்ட முறை. கலக்காமல் தடிக்கப் பூசினால் பிளாஸ்டிக் ஒட்டியது மாதிரி பளபளக்கும், விறைக்கும், முதல் மடிப்பிலேயே வெள்ளைக் கோடு விடும்.

விரிசலின் உள்ளே என்ன நிறம் தெரிகிறது என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பெயிண்டின் நிறமே தெரிந்தால் உடைந்தது மேல்பூச்சு மட்டும். தோல் தெரிந்தால் பெயிண்டும் உடைந்திருக்கிறது: தடித்த கோட், அல்லது கான்வாஸ், சுவர் வேலைக்கான அக்ரிலிக் பெயிண்டைத் தோலில் போட்டிருக்கிறார்கள். பெயிண்டுக்குக் கீழே தோலின் மேல்முகமே வெடித்திருந்தால் தோல் வறண்டுவிட்டது. அதற்கு மேல்பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

மேல்பூச்சு மட்டும் உடைந்திருந்தால், அந்த இடத்தைப் பஞ்சில் நனைத்த ஆல்கஹாலால் லேசாக இளக்கி ஓரங்களை மழுங்கச் செய்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக்கை ஒத்தி எடுக்கலாம். பெயிண்டும் உடைந்திருந்தால் அந்தப் பலகம் (தைத்துச் சேர்த்த தனித் தோல் துண்டு) முழுவதிலும் பூச்சையும் பெயிண்டையும் எடுத்துவிட்டு, தோலைச் சுருக்கமில்லாமல் விரிந்த நிலையில் வைத்து, அதாவது ஷூவென்றால் உள்ளே அச்சுக்கட்டை வைத்து இழுத்து நிறுத்திய நிலையில், மெல்லிய கோட்டுகளாக மறுபடி போடுங்கள். சுருக்கத்தின் மேல் பூசினால் விரியும்போது விட்டுப்போகும்.

உரிகிறது

உரிந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அடிப்பக்கம்தான் பேசும். அடிப்பக்கம் கண்ணாடிபோல் சுத்தமாக, வழுவழுப்பாக இருந்தால் தோலில் ஆலைப் பூச்சோ மெழுகோ எண்ணெயோ இருந்திருக்கிறது. சாயத்தூள் ஒட்டியிருந்தால் சாயத்தைத் துடைக்கவில்லை. பெயிண்டோடு சேர்ந்து உரிந்திருந்தால் பெயிண்டே தோலைப் பிடிக்கவில்லை. பெயிண்ட் தோலிலேயே இருந்து பூச்சு மட்டும் வந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ புகுந்திருக்கிறது: கை எண்ணெய், பாலிஷ், அல்லது முழுதாக உலராத பெயிண்ட்.

உரியாத பொருளில் முன்கூட்டியே தெரிந்துகொள்ள, அதே தோலின் துண்டில் அதே முறையில் பூசி ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் பொருளிலும் வரும்.

தீர்வு மேற்பரப்பைத் தயார்செய்வதில்தான். வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் நனைத்து, பலகம் பலகமாக ஒரே திசையில் துடையுங்கள். மினுமினுப்பு போய்த் தோல் மங்கலாகி, விரலில் சிறிது பிடிப்புத் தெரியும்வரை. பஞ்சை அடிக்கடி மாற்றாவிட்டால் எடுத்த மெழுகையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். அதற்குப்பின் முதல் பெயிண்ட் கோட்டில் கால்பங்கு தண்ணீர் கலந்து மெல்லியதாகப் போட்டால் துளைகளுக்குள் இறங்கிப் பிடிக்கும். கோட்டுக்கு நடுவே 15 நிமிடம். கடைசிக் கோட்டுக்குப்பின் 24 மணி நேரம். அதன் பிறகே மேல்பூச்சு.

மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பூச்சு விலகி ஓடுவதும் இதே குடும்பம்தான். அது பெரும்பாலும் சிலிக்கோன். பளபளப்பு ஸ்ப்ரே, ஷூவை மினுக்கும் உடனடி ஸ்பாஞ்ச், சில நீர்விலக்கி ஸ்ப்ரே இவற்றில் உண்டு. அசிட்டோனாலும் அதை முழுதாக எடுப்பது கடினம். இரண்டு, மூன்று சுற்றுத் துடைத்தும் போகாவிட்டால் அந்தப் பொருளில் படலப் பூச்சு என்ற எண்ணத்தைக் கைவிட்டு மெழுகோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெள்ளைப் பெயிண்ட் இளஞ்சிவப்பாகிறது

சிவப்பு, கருஞ்சிவப்புச் சாயத்தின் மேல் வெள்ளை அல்லது மஞ்சள் பெயிண்ட் போட்டால், சில நாளிலோ வாரத்திலோ அடிநிறம் மேலே ஊடுருவும். சாய மூலக்கூறுகள் மெல்ல அக்ரிலிக் படலத்துக்குள் கரைந்து நகர்வதால் வருவது இது. பெயிண்டின் மேல் எத்தனை பூச்சு போட்டாலும் நிற்காது. தடுப்பு கீழே இருக்க வேண்டும். சாயத்தை நன்றாகத் துடைத்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக் பூச்சை இரண்டு மெல்லிய கோட்டாகப் போட்டு ஒரு நாள் உலர்த்திவிட்டு, அதன் மேல் பெயிண்ட் செய்யுங்கள். இது வேகத்தைக் குறைக்கும், எப்போதும் முழுதாக நிறுத்தும் என்று சொல்ல முடியாது. வெள்ளை வரவேண்டிய இடத்துக்குச் சாயமே போகாமல் முதலிலேயே விட்டுவைப்பதுதான் தொல்லையில்லாத வழி.

சில்லறைக் கோளாறுகள்

கறுப்பு, கருநீலத் தோலில் சாய்த்துப் பார்த்தால் பச்சை அல்லது பித்தளை நிற மினுக்கம்: மிஞ்சிய சாயம் மேலே படிகமாகியிருக்கிறது. பூச்சுக்கு முன்னால் என்றால் குதிரைமுடி பிரஷும் துணியும் போதும். பூச்சுக்குப் பின்னால் தெரிந்தால் எடுக்காமல் போகாது.

குமிழி: பாட்டிலைக் குலுக்கியது, அல்லது உலர்ந்த ஸ்பாஞ்சை அழுத்தித் தேய்த்தது. கண் நெருங்கிய ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தபின் பயன்படுத்துங்கள். உலர்ந்துவிட்ட குமிழியை 1000 எண் உப்புத்தாளால் இரண்டு தடவை தடவி, மேலே ஒரு மெல்லிய கோட்.

வரிக்கோடு: பூச்சு கெட்டி, அல்லது பாதி உலர்ந்த இடத்துக்குத் திரும்பிப் போனது. தண்ணீர் கலந்து, முதல் கோட் ஒரு திசை, அடுத்தது அதற்குக் குறுக்கே.

திட்டுத்திட்டான மினுமினுப்பு: வயிற்றுப்பகுதித் தோல் பூச்சைக் கூடுதலாகக் குடிக்கும்; முதுகுப்பகுதி குடிக்காது. குடித்த இடத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் கோட் போட்டுவிட்டு, பிறகு மொத்தத்துக்கும் ஒன்று.

பூச்சு போட்டதும் நிறம் கறுத்தது: கோளாறு இல்லை. எந்தப் பூச்சும் நிறத்தை ஓரளவு ஆழமாக்கும், எண்ணெய் இன்னும் கூடுதலாக. அதனால்தான் நிறத்தைத் தீர்மானிக்கும் சோதனைத் துண்டில் பூச்சையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது

ஜன்னல் திறந்த அறை அல்லது வெளித் திண்ணை, பியூட்டைல் ரப்பர் கையுறை, அருகில் அடுப்போ சுவிட்ச் பொறியோ இல்லாத இடம். அசிட்டோன் ஆவி தரையோடு ஊர்ந்து போய்த் தூரத்து நெருப்பையும் எட்டும். லாக்கர் தின்னரும் அப்படியே. தையல் இருந்தால் கவனம்: நூலின் மெழுகு போய்விடும், ஒட்டுப்பசை இளகும். விளிம்பில் அசிட்டோனைத் தேங்க விடாதீர்கள்.

உள்ளங்கை அளவுப் பகுதியாக, நனைந்த பஞ்சை 10 விநாடி வைத்து, இளகியதும் ஒரே இழுப்பில் துடையுங்கள். சுரண்ட வேண்டாம், தோலின் மேல்முகம் அசிட்டோனில் நனைந்திருக்கும்போது எளிதில் கீறும். பூச்சோடு சாயமும் கணிசமாக வரும். அதற்குத் தயாராக இருங்கள். மறுபடி சாயமிட்டுத்தான் ஆக வேண்டும். அசிட்டோன் தோலின் இயல்பான கொழுப்பையும் எடுத்துவிடுவதால், துடைத்து ஒரு மணி நேரம் கழித்துத் தோல் வெளிறி விறைத்திருக்கும்.

முதல் நாள் நீர்த்த சாயம். இரண்டாம் நாள் பிரஷும் துணியும், பிறகு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஒரு மெல்லிய கை. மூன்றாம் நாள் டிஷ்யூ சோதனை. தடம் இல்லையென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த அக்ரிலிக், இரண்டு கோட். தடம் விழுந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். எடுத்த பஞ்சையும் துணியையும் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல், வெளியில் விரித்துப் போட்டு, வாடை முழுதாகப் போனபின் அப்புறப்படுத்துங்கள்.